மீன் இறப்பின் ஐந்தொகை

கித்துல்கலையில் பாறைகளின்மேல் துள்ளி வீழும் களனி கங்கை, கொழும்புக்கு வடபால் முகத்துவாரத்திற் கடலொடு கலக்கின்றது. மலைநாட்டு மண்ணின் சத்தையும் உடன் கொண்டு செல்கின்றது. அதனாற் கண்ணுக்குப் புலனாகா மிதவைப் பாசிகள் பெருகுகின்றன. பாசியை நுண்விலங்குகளும், அவற்றைச் சாளையும் நெத்தலியும், இவற்றைச் சூரையும் அறக்குளாவும் உண்கின்றன. தோட்டத்து லயத்திலே கொதிக்கும் கருவாட்டுக் குழம்பும் இச்சங்கிலியின் ஒரு கண்ணியே. சங்கிலி என்பதினும் வலை என்பதே பொருந்தும்; பெரிய மீனின் முட்டையும் குஞ்சும் சிறிய மீனுக்கு இரையாதலும் உண்டன்றோ!

மீன் எதனால் இறக்கின்றது? மூத்து இறப்பது மிக அரிது. உருசிய அறிஞர் பரானவ் 1918 இல் அதன் இறப்பை இரு கூறாக்கிக் கணித்தார்: மனிதன் பிடித்தலால் நேர்வது ஒன்று, இயற்கையில் நேர்வது மற்றொன்று. பின்னது நெடுங்காலம் இருட்டறையாகவே கிடந்தது. 1980 இல் டானியல் பவுலி 175 மீன்தொகுதிகளை ஒப்புநோக்கி, நீரின் வெப்பம் மிகுந்துழி இயற்கை இறப்பும் மிகும் எனக் காட்டினார். 1984 இல் பொலோவினா என்பார், அவாய்த் தீவுகளின் பவளத்திட்டு ஒன்றிற்கு 'எக்கோபாத்' என்னும் கணக்கினை வகுத்தார்.

அது வணிகர் ஐந்தொகையை ஒத்தது. ஓரினம் ஓராண்டில் விளைத்த எடை ஒருபுறம். பிற உயிர் உண்டது, வலை கொண்டது, இடம்பெயர்ந்தது, எஞ்சிய பிற இறப்பு ஆகியவை மறுபுறம். எம்மீன் எதனை உண்டது என்பதை அதன் இரைப்பையைக் கீறியே அறிவர். விளைந்ததினும் உண்ணப்பட்டது மிகுமாயின் கணக்குப் பிழை; மீண்டும் இரைப்பையிலிருந்தே தொடங்கல் வேண்டும்! பராக்கிரம சமுத்திரத்துக்கு 2001 இலும் இலங்கைக் கரைக்கடலுக்கு 2008 இலும் இத்தகைய ஆய்வுகள் வெளிவந்தன.

நோய், நஞ்சு, மூச்சுமுட்டல் யாவும் 'பிற இறப்பு' என்னும் கடைசி வரியில் அடங்கும். எளிய வரிதான், ஆயின் ஒரு கப்பல் அதன் அருமையை உணர்த்திற்று. 2021 மே 20 இல், கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நின்ற எக்ஸ்பிரஸ் பேர்ள் தீப்பற்றியது. அதில் 25 தொன் நைத்திரிக்கமிலமும் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்திக்கு மணிகளும் இருந்தன. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு விதித்தது. அத்தீர்ப்பில் 417 ஆமை, 48 ஓங்கில், 8 திமிங்கிலம் எனத் தொகை காணலாம்.

மீனை அவ்வாறு எண்ணல் இயலுமோ? இறந்த மீனிற் பெரும்பகுதி ஆழத்தே அமிழும். அன்றேற் பிறவற்றின் வயிற்றுள் மறையும். ஆதலின், இறந்தது எவ்வளவு என்பதைக் கரையிற் காணல் அரிது. குறைந்தது எவ்வளவு என்றே கணித்தல் வேண்டும். அதற்கு முன்னை ஆண்டுகளின் ஐந்தொகை கையில் இருத்தல் வேண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழும் காலமுமாகும். வலை வெறுமையானது கப்பலாலோ காற்றாலோ என்று வினவப்படும் நீர்கொழும்பு மீனவர், அவ்வேடின்றி எதனைக் காட்டுவர்?