ஒரு தரம்... ரெண்டு தரம்... (தொடர் – 9)
நர்ஸ் பொம்மையின் விலை

கோவிட் முதல் அலை வீசிய 2020 மே மாதம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பொது மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அருகே புதிதாக ஒரு ஓவியம் மாட்டப்பட்டது. அனுப்பியவர் பேங்க்ஸி. இன்றுவரை முகம் காட்டாமல் உலகப் புகழில் இருக்கிற தெரு ஓவியர்.

படத்தில் ஒரு சின்னப் பையன் முழங்காலிட்டு விளையாடுகிறான். பேட்மேனும் ஸ்பைடர்மேனும் பக்கத்துக் குப்பைக்கூடையில் கிடக்கிறார்கள். பறக்கிற பாவனையில் அவன் தூக்கிப் பிடித்திருப்பது வேறொரு பொம்மையை. முகக்கவசம் போட்டு, தோளில் அங்கி பறக்க, ஒரு கையை முன்னால் நீட்டியிருக்கும் நர்ஸ். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. நர்ஸ் உடுப்பில் இருக்கும் சிலுவை மட்டும் சிவப்பு. பெயர் ‘கேம் சேஞ்சர்’.

2021 மார்ச் 23, பிரிட்டனில் முதல் ஊரடங்கு அறிவித்து சரியாக ஒரு வருஷம். அன்று லண்டன் கிறிஸ்டிஸ் நிறுவனம் இதை ஏலம் விட்டது. 25 முதல் 35 லட்சம் பவுண்டு வரை போகும் என்பது அவர்கள் மதிப்பீடு. சுத்தியல் விழுந்ததோ 1 கோடியே 44 லட்சம் பவுண்டில். வாங்கியவர் தலையில் விழும் கமிஷனையும் சேர்த்தால் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டியது. அதுவரை பேங்க்ஸி ஓவியம் எதுவும் அந்த விலைக்குப் போனதில்லை. பணம் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக்கு. கமிஷனிலும் கணிசமான பங்கை கிறிஸ்டிஸ் விட்டுக்கொடுத்தது. மருத்துவமனைச் சுவரில் இப்போது இருப்பது பிரதி.

நல்ல காரியம், பெரிய பெயர், உருக்கமான நேரம். விலை ஏறாமல் என்ன செய்யும் என்று தோன்றலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அந்த ஓவியம் எந்த அறையில் விற்கப்பட்டது என்று பாருங்கள். நிதி திரட்டும் விருந்தில் அல்ல. கிறிஸ்டிஸ் வழக்கமாக நடத்தும் 20-ஆம் நூற்றாண்டுக் கலை மாலை ஏலத்தில். அங்கே ஏலம் கேட்க வருகிறவர்கள் ஓவியம் வாங்கவே வருகிறவர்கள். நர்ஸ் பொம்மை இல்லாவிட்டாலும் வேறு எதையாவது வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

தர்ம காரியத்துக்கான ஏலங்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராக நடக்கின்றன. நட்சத்திர ஹோட்டல், வட்ட மேஜைகள், சூப், சொற்பொழிவு. சுவரோரம் வரிசையாக ஓவியங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு தாளும் பேனாவும். பிடித்தவர்கள் பெயரையும் தொகையையும் எழுதிவிட்டு சாப்பிடப் போகலாம். சத்தமில்லாத ஏலம். வந்தவர்கள் டிக்கெட் வாங்கியபோதே கொடுக்க நினைத்ததைக் கொடுத்துவிட்டார்கள். ஓவியம் அவர்கள் தேடி வந்த பொருளே அல்ல. தாளில் ஒரே ஒரு பெயர் இருந்தால் கதை முடிந்தது. ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர் வாங்குகிறவர் அல்ல. கடைசிவரை விடாமல் கேட்டுத் தோற்றுப்போன இரண்டாவது ஆள். அவர் வராத இடத்தில் எவ்வளவு நல்ல ஓவியமும் ஆரம்ப விலைக்கே போகும்.

ஓவியம் வாங்குகிறவர்கள் கூடும் அறையில் தர்மத்துக்காக விற்பதை பேங்க்ஸி முன்பே செய்து பார்த்தவர். 2020 ஜூலையில் அவருடைய மூன்று கடல் காட்சிப் படங்கள் சதபீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தன. பழைய பாணிக் கடலோவியங்களில், கரையில் ஒதுங்கிய உயிர்காப்பு அங்கிகளை அவர் சேர்த்திருந்தார், அகதிகள் விட்டுப்போனவை. மதிப்பீடு 8 முதல் 12 லட்சம் பவுண்டு. கிடைத்தது 22 லட்சம். அது பெத்லகேமில் ஒரு மருத்துவமனைக்குப் போனது. அதுவும் விருந்து அல்ல, மாலை ஏலம்தான்.

தர்மத்துக்கென்றே தனியாக ஏலம் நடத்தி ஜெயித்தவர்களும் உண்டு. 2008 காதலர் தினத்தில் நியூயார்க் சதபீஸில், பாடகர் போனோவும் ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட்டும் ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் ஒழிப்புக்காக நடத்திய ஏலம் சுமார் 4 கோடியே 26 லட்சம் டாலர் திரட்டியது. போனோவின் புகழ் கூட்டம் சேர்த்திருக்கும். ஆனால் படைப்புகளை முன்கூட்டியே ககோசியன் காலரியில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். விலை உயர்ந்த கலை வாங்குகிறவர்கள் வந்துபோகும் இடம் அது. நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.

ஹர்ஸ்ட் போன்றவர்களுக்கு ஒரு படைப்பு தானமாகப் போனால் எதுவும் குறையாது. வளர்ந்துவரும் ஓவியருக்கு அப்படியில்லை. அவர் 1 லட்சம் சொல்லும் ஓவியம் விருந்து மண்டபத்தில் 20 ஆயிரத்துக்குப் போனால், அடுத்த முறை வாங்க வருகிறவர் அந்த 20 ஆயிரத்திலிருந்துதான் பேரம் பேசுவார். ஆகவே ‘இதற்குக் கீழே விற்காதே’ என்ற அடிமட்ட விலையை எழுதி வாங்கிக்கொள்வதும், கிடைப்பதில் ஒரு பங்கு தனக்கு என்று கேட்பதும் கஞ்சத்தனம் அல்ல. அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். 1969-இல் வரிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, சொந்த ஓவியத்தைத் தானம் தரும் ஓவியர் கேன்வாஸ், வண்ணம் ஆகியவற்றின் செலவை மட்டுமே வரியில் கழித்துக்கொள்ளலாம். அதே ஓவியத்தை வாங்கி வைத்திருந்தவர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால், சில நிபந்தனைகளோடு, சந்தை விலை முழுவதையும் கழிக்கலாம். ஓவியர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டும் சட்டம் மாறவில்லை.

(அடுத்த வாரம்: அறைக்குள் வராமலே தொலைபேசியில் ஏலம் கேட்பவர்கள்)