பின்சக்கரத்துக்கு டிஸ்க்: பழைய ஃபிரேம் தாங்குமா?

இன்றைக்குச் சைக்கிள் கடைக்குள் நுழைகிற பள்ளிக்கூடப் பையன் முதலில் கேட்பது, "டபுள் டிஸ்க்கா அண்ணா?" என்றுதான். கியர் எத்தனை, எடை எவ்வளவு என்பதெல்லாம் அதற்கப்புறம். சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டு பளபளத்தால்தான் அது வண்டி. பெரியவர்களையும் இந்த ஆசை விடவில்லை. 1990களில் வந்த நல்ல ஸ்டீல் மவுண்டன் பைக் ஒன்றைப் பழசாக வாங்கி, ஓவராயிலிங் செய்து, கோட்டம் எடுத்து, ஓட்டிப் பார்த்துச் சொக்கிப்போனவர்களுக்கு அடுத்து வருகிற யோசனை இதுதான்: பின்சக்கரத்தில் ஒரு டிஸ்க் போட்டுவிட்டால் என்ன?

போடலாம். ஆனால் எந்த பிரேக் வாங்குவது என்று தேடுவதற்கு முன்னால் ஃபிரேமின் ஒரே ஒரு மூலையைக் குனிந்து பார்க்க வேண்டும். பின் அச்சின் இடது பக்கம். சீட்டுக்கு அடியிலிருந்து இறங்கிவரும் மெல்லிய குழாயும் பெடல் பக்கமிருந்து நீளும் கீழ்க்குழாயும் வந்து சேருகிற இடம். இந்த வேலையின் சிக்கல், செலவு, ஆபத்து எல்லாம் அந்த உள்ளங்கை அகலத்துக்குள்ளேயே இருக்கின்றன.

முன்சக்கரத்தில் இந்தத் தொல்லை கிடையாது. டிஸ்க்குக்கான காது, அதாவது பிரேக்கைப் பூட்டும் நீட்டல், வைத்த ஃபோர்க் ஒன்றையும் டிஸ்க் ஹப் போட்ட சக்கரத்தையும் வாங்கி, பழையவற்றைக் கழற்றிவிட்டு மாட்டினால் தீர்ந்தது. ஃபோர்க் என்பது தனிச் சாமான். கழுத்துக் குழாயின் அளவும் ஃபோர்க்கின் உயரமும் பழையதற்கு ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பின்பக்கமோ ஃபிரேமின் உடம்பு. அதைக் கழற்றி மாற்ற முடியாது.

பழைய ஃபிரேமில் அந்தக் காது ஏன் இல்லை? மவுண்டன் பைக்கின் வரலாறே பிரேக் போதாமையில் தொடங்கியதுதான். 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மலைப்பாதையில் சில இளைஞர்கள் பந்தயம் வைத்தார்கள். சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். ஓட்டியதெல்லாம் பருத்த டயர் போட்ட, பல பத்தாண்டு பழைய, கனத்த வண்டிகள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் ஹப்புக்குள் பிடிக்கும் கோஸ்டர் பிரேக்தான் பெரும்பாலும். கீழே வந்து சேரும்போது ஹப்புக்குள் இருந்த கிரீஸ் கொதித்துப் புகையாகப் போயிருக்கும். மறுபடி ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்த பிறகுதான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி என்று மவுண்டன் பைக் உலகம் இன்றும் சொல்லும் பெயர்கள் அந்த மண்பாதையில் உருண்டு விழுந்தவைதான்.

பிறகு ரிம்மைப் பிடிக்கும் கான்டிலீவர் பிரேக் வந்தது. 1996-ல் ஷிமானோவின் வி-பிரேக் வந்ததும் அதுவும் பழசாயிற்று. அதே காலகட்டத்தில் இங்கிலாந்தின் ஹோப், அமெரிக்காவின் ஹேய்ஸ் போன்ற நிறுவனங்கள் டிஸ்க்கை மலைச் சைக்கிளுக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தன. ஆரம்பத்தில் ஆளுக்கொரு அளவு. அப்புறம்தான் தட்டைக் கடிக்கும் கேலிபரைப் பூட்டும் இரண்டு துளைகளுக்கு இடையே 51 மில்லிமீட்டர், தட்டுக்கு ஆறு போல்ட், அந்த ஆறும் உட்கார 44 மில்லிமீட்டர் வட்டம் என்று பொது அளவு ஒன்று நிலைத்தது. 1990களின் கடைசியில் வந்த சில ஃபிரேம்களில் வி-பிரேக்கைப் பூட்டும் முளையும் இருக்கும், டிஸ்க் காதும் இருக்கும். உங்களுடையது அந்த வகையென்றால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர். அப்போதும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 51-க்குப் பதிலாக 22 என்று வந்தால் அது ஹேய்ஸின் பழைய அளவு. அதற்குரிய கேலிபரைத் தேடியலைய வேண்டும்.

காது இல்லாத ஃபிரேமில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். 26 அங்குலச் சக்கரத்தில் டயரோடு சேர்த்து ஆரம் சுமார் 33 சென்டிமீட்டர். பின் பிரேக்கைப் பிடிக்கும்போது தரை டயரை 25 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வி-பிரேக்கின் கட்டைகள் ரிம்மைப் பிடிப்பது அச்சிலிருந்து ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் தள்ளி. அங்கே தாங்க வேண்டிய விசை 30 கிலோ. அதையும் இடது, வலது என இரண்டு குழாய்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. 160 மில்லிமீட்டர் டிஸ்க்கிலோ பிரேக் பட்டைகள் கடிக்கும் இடம் அச்சிலிருந்து 7 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதே 25 கிலோவை நிறுத்த அங்கே 115 கிலோ வேண்டும். முழுவதும் இடது பக்கத்துக்கு. பங்குக்கு ஆள் இல்லை.

அந்த 115 கிலோ எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதும் முக்கியம். தட்டின் மேற்பகுதி முன்னோக்கிச் சுழல்கிறது. கேலிபரையும் தன்னோடு முன்னுக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அதாவது, சீட்டிலிருந்து இறங்கும் குழாயை நடுவில் பிடித்து முன்பக்கமாக வளைக்கப் பார்க்கிறது. அந்தக் குழாய் அச்சுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தக் காலத்தில் ஃபிரேம் கட்டியவர்கள் அதை மெலிதாக்கியது கஞ்சத்தனத்தால் அல்ல. அந்த இடத்துக்குப் பிரேக்கைத் தாங்கும் வேலையே இல்லை என்பதால். எடையைக் குறைக்கவும் குலுக்கலைக் கொஞ்சம் உள்வாங்கவும் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள்.

இந்த மூலையைச் சமாளிக்க முதல் வழி, எதையும் பற்றவைக்காமல் பூட்டிக்கொள்ளும் அடாப்டர். ஒரு தகடு அச்சோடு சேர்ந்து இறுகும். இன்னொரு முனை பட்டைபோலக் குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். விலை குறைவு, அரை மணி நேர வேலை. எனக்கு இதன்மேல் நம்பிக்கை கிடையாது. வட்டமான, மெலிந்துகொண்டே போகிற குழாயின் மேல் பட்டை போட்டு 115 கிலோவைத் தாங்கச் சொன்னால் அது நாளடைவில் நகரத்தான் செய்யும். இறுக்கிக்கொண்டே போனால் குழாய் நசுங்கும். சமதரையில் கடைக்குப் போய்வர இது போதும் என்பவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் சமதரையில் கடைக்குப் போய்வர டிஸ்க் எதற்கு?

அடாப்டர்களிலேயே கொஞ்சம் மூளையுள்ள வகை ஒன்று உண்டு. கேலிபரைத் தாங்கும் தகடு அச்சின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு நீண்ட கை புறப்பட்டு, ஃபிரேமில் ஏற்கெனவே இருக்கிற பிரேக் முளையில் போய்ப் பூட்டிக்கொள்ளும். அச்சிலிருந்து முளைக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் என்பதால் அங்கே விழும் விசை 33 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. முளை காலமெல்லாம் பிரேக் பாரத்தைத் தாங்கத்தானே வைக்கப்பட்டது? இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொண்டதை இப்போது ஒரு பக்கம் மட்டும் சுமக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்க அழகாக இருக்காது. கணக்கு சரியாக இருக்கும்.

மற்றொரு வழி நெருப்பு. ஃபிரேம் ஸ்டீல் என்றால், அதிலும் குரோமோலி ரகம் என்றால், தாராளமாகப் புதுக் காது வைக்கலாம். ஆனால் கேட்டுக்கு வெல்டிங் அடிக்கிறவரிடம் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. கனத்த இரும்புக்குப் பழகிய கை, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குழாயில் கண்மூடித் திறப்பதற்குள் ஓட்டை போட்டுவிடும். இதற்குத் தோது பித்தளை அல்லது வெள்ளி கலந்த கம்பியால் பற்றவைப்பது. இங்கே குழாய் உருகுவதில்லை. கம்பி மட்டும் உருகி இடுக்கில் ஓடி இறங்குகிறது. வேலை தொடங்குமுன் காது வரும் இடத்தைச் சுற்றிக் கையகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பாக்க வேண்டும். அச்சு உட்காரும் இடத்தில் 135 மில்லிமீட்டர் நீளமுள்ள பொய் அச்சு ஒன்றை இறுக்கி, அதிலிருந்து நீளும் தாங்கியில் காதைப் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். கையால் பிடித்துக்கொண்டு கண்ணளவில் வைக்கிற வேலையல்ல இது. பசைபோன்ற ஃபிளக்ஸைத் தடவி நெருப்பைக் காட்டினால், அது முதலில் நீர் வற்றி வெள்ளையாகப் பொரிந்து, பிறகு கண்ணாடிபோல் தெளிந்து ஓடும். குழாய் பளிச்சென்ற சிவப்புக்கு வரும்போது கம்பியைத் தொட்டால், காதின் வளைவு முழுக்கப் பித்தளை தானாகச் சுற்றி ஓடி ஒரு மோதிரம்போல நிற்கும். அதற்குமேல் ஒரு நொடி அதிகம் காட்டினாலும் இரும்புக்குக் கெடுதல்.

காது மட்டும் போதாது. சீட்டிலிருந்து இறங்கும் குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவே, அச்சுக்குச் சற்று முன்னால், குறுக்கே ஒரு சின்னக் குழாய்த் துண்டையும் பற்றவைக்க வேண்டும். முன்னே சொன்ன வளைக்கும் விசையை வாங்கிக் கீழ்க்குழாயிடம் ஒப்படைப்பது அதுதான். இதை வேண்டாம் என்று சொல்லிக் காசை மிச்சப்படுத்துபவர்கள் உண்டு. செய்கிறவர் நல்லவராக இருந்தால் அந்த வேலையையே ஏற்றுக்கொள்ளமாட்டார். ஆறிய பிறகு காதின் முகத்தை, தட்டுக்குச் சரியாக இணையாக நிற்கும்படி சீவியாக வேண்டும். தட்டின் கனம் 1.8 மில்லிமீட்டர், அதன் இருபுறமும் பட்டைக்கு விடும் சந்து தாள் கனம். காது இம்மி சாய்ந்தாலும் பிரேக் வாழ்நாள் முழுக்கச் சிணுங்கும். கடைசியில் பெயின்ட் செலவு வேறு இருக்கிறது. பாதி இடத்தில் பெயின்ட் கருகிப்போன ஃபிரேமை யார் ஓட்டுவார்கள்?

அலுமினிய ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். 6061 என்கிற ரகத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் ஏறக்குறைய பாதிப் பலத்தை இழந்துவிடும். அதை மீட்க ஃபிரேம் முழுவதையும் 500 டிகிரிக்கு மேல் உலையில் வைத்து, தண்ணீரில் தோய்த்து, கோணல் எடுத்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைக்க வேண்டும். தொழிற்சாலைக்குச் சரி. பட்டறைக்கு ஆகாது.

இனி சக்கரம். பழைய ஹப்பில் தட்டைப் பூட்ட இடமிருக்காது, ஆகவே புது ஹப் வேண்டும். 1990களின் மலைச் சைக்கிள்களில் பின் ஹப்பின் அகலம் பெரும்பாலும் 135 மில்லிமீட்டர். டிஸ்க் ஹப்பும் அதே 135-ல் கிடைக்கிறது. அதற்கும் முந்தைய 130 அல்லது 126 என்றால், ஸ்டீல் ஃபிரேமை நெருப்பில்லாமலே அகட்டிக்கொள்ளலாம். ஏழு கியர் கேசட் வைத்திருப்பவர்கள் புது ஹப்பில் அதைப் போடும்போது பின்னால் 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடும். ஸ்போக் கம்பிகளைக் குறுக்கே பின்னித்தான் கோக்க வேண்டும். நேராகக் கோத்த சக்கரம் டிஸ்க்குக்கு ஆகாது. ரிம் பிரேக்கில் ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே பிரேக்கின் முறுக்கு போவதேயில்லை. டிஸ்க்கில் அது முழுக்கக் கம்பிகள் வழியாகத்தான் போகிறது.

லீவர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வி-பிரேக் லீவர் ஒயரை அதிக நீளம் இழுக்கும், பழைய கான்டிலீவர் லீவர் குறைவாக இழுக்கும். ஒயரில் வேலைசெய்யும் ஏவிட் பிபி7 போன்ற கேலிபரில் மலைச் சைக்கிளுக்கானது வி-பிரேக் லீவரோடுதான் சேரும். கான்டிலீவர் லீவரைக் கைவிட மனமில்லாதவர்கள் அதே பிபி7-ன் ரோடு பைக் ரகத்தை வாங்கினால் ஒத்துவரும். பழைய ஃபிரேமுக்கு நான் சொல்வது ஒயர் பிரேக்தான். ஆயில் பிரேக்கின் பிடி இன்னும் மிருதுவானது, மறுக்கவில்லை. ஆனால் ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஹேய்ஸுக்கும் ஹோப்புக்கும் பெரும்பாலும் டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். சின்ன ஊர்களில் இதைக் காற்று நீக்கித் தரும் கடையைத் தேடுவதும் ஒரு வேலை.

இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கிறது? நிற்கும் தூரம் பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வேகமாகப் போய்ச் சட்டென்று பிரேக் பிடிக்கும்போது எடை முழுவதும் முன்னால் பாய்கிறது. பின்சக்கரம் தரையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. நல்ல ரப்பர்க் கட்டை போட்ட வி-பிரேக்கே அதைத் தாராளமாக வழுக்கவைத்துவிடும். வழுக்குகிற சக்கரத்துக்கு அதற்குமேல் பிடி இருந்து என்ன பயன்? அதனால் நிற்பதுதான் கவலையென்றால் காசை முன் டிஸ்க்கில் போடுங்கள், பின்னால் வி-பிரேக் இருக்கட்டும். பத்துக்கு எட்டுப் பேருக்கு இதுவே போதும்.

மீதிப் பேருக்குக் காரணம் வேறு. மழையில் சேற்றுப்பாதை ஓட்டுகிறவர்களுக்கு, மணல் கலந்த சகதி கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே அரைத்து அரைத்து ரிம்மின் சுவரையே தின்றுவிடும். மெலிந்த சுவர் டயரின் காற்றழுத்தம் தாங்காமல் ஒருநாள் பிளந்து கொள்ளும். பாறையில் மோதி ரிம் கோணியவர்களுக்கும் டிஸ்க் கைகொடுக்கும். சக்கரம் ஆடினாலும் தட்டு ஆடாது. மூட்டை கட்டிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர், பின் பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டே வரவேண்டியிருக்கும். ரிம் சூடாகி டியூபைப் பதம்பார்க்காமல் அந்தச் சூட்டைத் தட்டு வாங்கிக்கொள்ளும். இப்படி ஓட்டுகிறவரிடம் மனசுக்குப் பிடித்த ஸ்டீல் ஃபிரேம் ஒன்று இருந்தால், அதற்குப் பித்தளையும் நெருப்பும் செலவழிப்பது வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

காது வைத்து முடித்தவர்கள் புதுத் தட்டையும் பட்டையையும் பழக்க வேண்டும்: மிதமான வேகத்திலிருந்து, முழுக்க நிற்காமல், இருபது முப்பது முறை அழுத்தி அழுத்தி விடுவது. அதுவரை பிடி பாதிதான் இருக்கும், இறக்கத்துக்குப் போகக் கூடாது. பிறகு ஒவ்வொரு முறை வண்டியைக் கழுவும்போதும் காதின் ஓரத்தையும் குறுக்குத் துண்டின் இரு முனைகளையும் விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பெயின்ட்டில் முடிபோல ஒரு கோடோ, அதன் வழியே துருவின் பழுப்போ தெரிந்தால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று. புதுச் சக்கரத்துக்கு ரிம் வாங்கும்போது, பக்கச் சுவரில் பிரேக் கட்டை படுவதற்கான பட்டை உள்ள ரிம்மாகவே வாங்குங்கள். "இனி எதற்கு?" என்று பற்றவைக்கிறவர் பழைய பிரேக் முளைகளை அறுத்தெடுக்க வந்தால், விடாதீர்கள். காது சரிவராமல் போனால் வி-பிரேக்குக்குத் திரும்ப வழி அந்த இரண்டு முளைகள்தான்.