டிரிப்ஸா, ஓஆர்எஸ்ஸா? காரைக்கால் காலரா நினைவூட்டிய ஒரு நிமிடப் பரிசோதனை

2022 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. காரைக்காலில் பொது சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வருபவர்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போக, பரிசோதனையில் காலரா உறுதியானது. மறுநாள் முதல் 3 நாட்கள் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டன. 144 தடை உத்தரவும் வந்தது.

சுமார் 2 லட்சம் பேர் வாழும் சின்ன மாவட்டம் இது. ஆனால் இங்கே 2 மருத்துவக் கல்லூரிகள் உண்டு. ஒன்று விநாயகா மிஷன், மற்றொன்று 2016-ல் தொடங்கிய ஜிப்மர் கிளை. 'காலராவா, அதெல்லாம் பாடப்புத்தகத்துலதானே' என்று நினைக்கும் மாணவர்களுக்கு, அது வாசல் வரை வந்து நின்ற ஊர்.

இப்படி ஒரு நாளில் வார்டு வாசலில் நிற்கும் பயிற்சி மருத்துவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? காலரா கிருமி கல்ச்சரில் வளர ஓரிரு நாள் ஆகும். நோயாளியோ சில மணி நேரத்திலேயே உயிரை விடலாம். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி பேதி போய்க்கொண்டே இருந்தால், உடம்பில் இருக்கும் நீரும் உப்பும் அத்தனை வேகமாக வடிந்துவிடும். அதனால் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க முடியாது. கண்ணும் கையும்தான் கருவி.

கிள்ளிப் பார்த்தால் என்ன தெரியும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லித்தரும் முறை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆள் எப்படி இருக்கிறார், கண் உள்ளே போயிருக்கிறதா, தண்ணீர் கொடுத்தால் எப்படிக் குடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். பிறகு தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவே வயிற்றுத் தோலை இரு விரலால் மடித்துப் பிடித்து விட வேண்டும். நல்ல உடம்பில் தோல் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும். 2 விநாடிக்கு மேல் மடிப்பு நின்றால் ஆபத்து.

இந்த நான்கில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். ஆள் அமைதியில்லாமல் புரள்கிறார், தம்ளரைப் பிடுங்கிக் குடிக்கிறார் என்றால் ஓரளவு நீரிழப்பு. துவண்டு கிடக்கிறார், குடிக்கவே முடியவில்லை என்றால் அது கடும் நீரிழப்பு. மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்: சத்தம் போடும் நோயாளியிடம் ஓடுவார்கள், மூலையில் சத்தமில்லாமல் கிடப்பவரைத் தவற விடுவார்கள்.

இன்னொன்று, வயதானவர்களுக்குத் தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். கிள்ளுவதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோக வேண்டியதுதான். நாடித்துடிப்பையும் பாருங்கள், 'கடைசியா எப்போ சிறுநீர் போனீங்க' என்றும் கேளுங்கள்.

'குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்'

கையில் ஊசி ஏறினால்தான் நம்மூரில் வைத்தியம் நடந்த திருப்தி. கடும் நீரிழப்புக்கு டிரிப்ஸ் கட்டாயம்தான்: 50 கிலோ எடையுள்ளவருக்கு 3 மணி நேரத்தில் 5 லிட்டர், அதில் ஒன்றரை லிட்டர் முதல் அரை மணி நேரத்திலேயே. அதுவும் ரிங்கர் லாக்டேட். வெறும் குளுக்கோஸ் பாட்டிலில் இழந்த உப்பு திரும்பாது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஓஆர்எஸ் போதும். ஓரளவு நீரிழப்புள்ள 10 கிலோ குழந்தைக்கு 4 மணி நேரத்தில் 750 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடியும்.

இதை நிரூபித்தவர் திலீப் மகாலனாபிஸ். 1971-ல் வங்கதேச அகதிகள் தங்கிய பன்காவ் முகாமில் சலைன் தீர்ந்துபோக, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. காரைக்காலில் காலரா வந்த அதே 2022-ல் அவர் மறைந்தார். பத்ம விபூஷண் அடுத்த ஆண்டுதான் அறிவிக்கப்பட்டது.

பாக்கெட் வாங்கும்போது எத்தனை தண்ணீரில் கலக்க வேண்டும் என்று படித்துவிடுங்கள். 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது ஆபத்து. பாக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி.

அடுத்த கேள்வி தண்ணீரைப் பற்றி

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டியது: 'கடந்த 5 நாளா எங்க தண்ணி குடிச்சீங்க? தெருவுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?' ஏன் 5 நாள்? கிருமி உள்ளே போய் 12 மணி நேரம் முதல் 5 நாளுக்குள் நோய் வெளிப்படும். ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் வந்தால் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். காரைக்கால் போன்ற கடைமடைத் தாழ்நிலத்தில் குடிநீர்க் குழாயும் கழிவுநீரும் அருகருகே ஓடும் இடங்கள் உண்டு. விட்டு விட்டு நீர் வரும் குழாயில் அழுத்தம் குறையும்போது, விரிசல் வழியே வெளிநீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

கேஸ் ஷீட்டில் எழுதிய அந்தப் பதில் அன்றைக்கே சுகாதாரத் துறைக்குப் போக வேண்டும். அவர்கள் முதலில் பார்ப்பது அந்தத் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்கிறதா என்பதைத்தான்.