உஷார்! அடியில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே பேருந்து நிலையம், ரயில்வே கேட், டீக்கடைச் சுவர் என்று எங்கும் பேனர்கள் முளைத்துவிடும். "இந்த ஆண்டு முதல் புதிய பாடப்பிரிவுகள்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, ரோபோட்டிக்ஸ் என்று வாயில் நுழையும் பெயர், நுழையாத பெயர் எல்லாம் வரிசையாக நிற்கும். பேனரின் அடியில், குனிந்து பார்த்தால் மட்டுமே தெரியும் அளவில், இரண்டு சொற்கள் இருக்கும்: "அனுமதிக்கு உட்பட்டது."

பெற்றோர்களே, அந்த இரண்டு சொற்களில் உங்கள் கண் நிற்க வேண்டும். அந்தப் பாடப்பிரிவு இன்னும் பிறக்கவே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்து, அதன் பெயரில் உங்களிடம் முன்பணம் வாங்குகிறார்கள்.

நான் முப்பது வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவன். அதில் பல வருடங்கள் பாடத்திட்டக் குழுவிலும் கல்விப் பேரவையிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு புதிய கோர்ஸ் எப்படி உருவாக வேண்டும் என்பதும் தெரியும், எப்படி உருவாக்குகிறார்கள் என்பதும் தெரியும். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துத்தான் இந்த எச்சரிக்கை.

முறைப்படி என்றால் துறை முதலில் ஒரு முன்மொழிவு எழுத வேண்டும். இந்தப் படிப்பு யாருக்குத் தேவை, படித்தவர் எங்கே போவார், யார் நடத்துவார், எந்த ஆய்வகத்தில் நடக்கும் என்று அதில் இருக்க வேண்டும். பாடத்திட்டக் குழு அதை அலசி எல்லா செமஸ்டருக்கும் பாடத்திட்டம் தயாரிக்க வேண்டும். பிறகு கல்விப் பேரவை, அதன் பிறகு ஆட்சிக்குழு. பொறியியல் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அனுமதியும் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம். அதற்காக அந்த அனுமதியும் இணைப்பும் இல்லாமல் சீட் நிரப்ப முடியாது. பொறுப்போடு செய்தால் இதற்கு ஒரு முழு வருடமாவது ஆகும்.

நான் கண்ணால் கண்ட ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். மார்ச் மாதக் கடைசி. நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு புதிய பட்டப்படிப்பை, மேசைப் பொருளாக, கூட்டம் முடியும் நேரத்தில் கொண்டுவந்தார்கள். கையில் கொடுத்த தாள்களில் முதல் இரண்டு செமஸ்டருக்கு மட்டும் பாடம் இருந்தது. மிச்சத்தை "பின்னர் சமர்ப்பிக்கப்படும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். மூன்றாம் வருடம் இதை யார் நடத்துவார் என்று கேட்டேன். "அப்போ பார்த்துக்கலாம் சார், அட்மிஷன் ஆரம்பிக்கப் போகுது" என்று பதில் வந்தது. கால் மணி நேரத்தில் தீர்மானம் நிறைவேறியது. நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த முதல் பேட்ச்சில் படித்த ஒரு பெண் சில வருடம் கழித்து என்னைத் தேடி வந்தாள். ஆசிரியர் தேர்வில் மதிப்பெண் வாங்கியிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்பில், "உங்கள் பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் இல்லை, இணைத்தன்மை அரசாணை கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். "சார், அப்படி ஒரு அரசாணை இருக்கா?" என்று கேட்டாள். இல்லை. விண்ணப்பித்திருக்க வேண்டியவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை.

அடுத்த உஷார் இங்கேதான். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி, டிஆர்பி தேர்வு எழுத நினைக்கும் பிள்ளைகளுக்குப் பட்டத்தின் பெயர் உயிர்போல. அறிவிக்கை "கணிதம்" என்று கேட்கும்போது உங்கள் சான்றிதழில் "கணிதம்" என்பதற்கு முன்னாலும் பின்னாலும் நாலு அலங்காரச் சொல் ஒட்டியிருந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று அரசு ஆணை போட்டிருக்க வேண்டும். தேர்வு அறிவிக்கை வெளியாகும் தேதிக்குள் அந்த ஆணை வந்திருக்க வேண்டும் என்கிறது டிஎன்பிஎஸ்சி. பின்னால் வாங்கிவரும் ஆணை அந்தத் தேர்வுக்கு உதவாது. பெயரைப் புதுமையாக வைத்தால் கூட்டம் வரும் என்று ஒரு துறைத் தலைவர் நினைத்ததற்கு, பிள்ளைகள் வேலை வாய்ப்பை விலையாகக் கொடுக்கிறார்கள்.

எந்தப் பட்டத்தை எந்தப் பெயரில் கொடுக்கலாம் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) சட்டம் 22-ஆம் பிரிவின்படி, யூஜிசி குறிப்பிட்டு அறிவித்த பட்டங்களை மட்டுமே வழங்க முடியும். 2014-இல் அதற்கான பட்டியல் வெளியானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சி நிறுவனம். அது 2011-இல் தொடங்கிய நாலு வருடப் படிப்பு 'பி.எஸ்.' என்ற பெயரில் இருந்தது. பட்டியலில் இல்லாத பெயர் என்று யூஜிசி ஆட்சேபிக்க, பெயரை பி.எஸ்சி. (ஆராய்ச்சி) என்று மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே படித்த பிள்ளைகளுக்கு அந்த நிறுவனத்தின் பெயரே கவசமாக நின்றது. நம் மாவட்டத்துக் கல்லூரிப் பிள்ளைக்கு யார் நிற்பார்?

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு டெல்லிப் பல்கலைக்கழகம் மறக்கக் கூடாத பாடம். மூன்று வருட இளங்கலையை நாலு வருடமாக்கும் திட்டம் 2012 டிசம்பரில் கல்விப் பேரவையில் நிறைவேறியது. சில ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். அதை மீறி 2013 ஜூலையில் வகுப்பு தொடங்கிவிட்டது. ஏழே மாதம்! அத்தனை துறைகளுக்கும் பாடத்திட்டம் அந்த இடைவெளியில் எழுதப்பட்டது. ஒரு வருடம்கூடச் சரியாக ஓடவில்லை. 2014 ஜூனில், அடுத்த அட்மிஷன் வாசலில் நிற்கும் நேரத்தில், திட்டத்தைக் கைவிடச் சொல்லி யூஜிசி உத்தரவிட்டது, பல்கலைக்கழகமும் கைவிட்டது. ஏற்கெனவே ஒரு வருடம் படித்து முடித்த பிள்ளைகளை மூன்று வருடப் படிப்புக்குள் திருப்பி அடைத்தார்கள். அதே திட்டத்தில் பி.டெக். என்று சேர்ந்தவர்கள் தங்கள் பட்டம் செல்லுமா செல்லாதா என்று தவித்து, போராடித்தான் அந்தப் படிப்பை முடிக்கும் அனுமதியைப் பெற்றார்கள். நாலு வருடப் படிப்பு என்ற யோசனை தவறில்லை. புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு 2022-இல் அதே பல்கலைக்கழகத்தில் அது திரும்ப வந்தது. ஆனால் 2013 பேட்ச் இழந்த நிம்மதி திரும்ப வரவில்லை.

இதைவிடப் பெரிய அடி 2017 நவம்பர் 3 அன்று விழுந்தது. ஒடிசாவில் ஒரு பதவி உயர்வுச் சச்சரவில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நாலு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. அவற்றில் ஒன்று நம் சேலத்தில் இருப்பது. முன் அனுமதி இல்லாமல் கோர்ஸைத் தொடங்கிவிட்டு, பிறகு பின்தேதியிட்ட ஒப்புதல் வாங்கி வைத்திருந்தார்கள். அந்த ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டத்தை நிறுத்திவைத்து, ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால்தான் பட்டம் என்றது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்களைத் திரும்பப் பெறச் சொன்னது. யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பதவி உயர்வும் வாங்கியவர்கள் நாற்பது வயதில் திரும்பப் பரீட்சை எழுதினார்கள். 'அப்புறம் அனுமதி வாங்கிக்கொள்ளலாம்' என்று யாரோ ஒரு நாள் நினைத்ததன் பலன் அது.

அனுமதி இருக்கிறது, பெயரும் சரி என்றே வைத்துக்கொள்வோம். பாடம் நடத்த ஆள் இருக்கிறதா?

கணக்கு எளிது. 60 சீட் என்றால் நாலு வருடத்துக்கு 240 மாணவர். 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ விதி. ஆக ஒரு பிரிவுக்கே 12 பேர் வேண்டும். புதிய கோர்ஸில் முதல் வருடம் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம்தான். இருக்கும் ஆசிரியர்களை வைத்தே ஓட்டிவிடலாம், குறை வெளியே தெரியாது. மூன்றாம் வருடத்தில் அந்தத் துறைக்கே உரிய பாடங்கள் வரும்போதுதான் தெரியும். அதற்குள் நீங்கள் நாலு செமஸ்டர் கட்டணம் கட்டி முடித்திருப்பீர்கள், வெளியே வரவும் வழி இருக்காது.

இந்த இடைவெளியைத் தமிழ்நாட்டில் எப்படி நிரப்பினார்கள் என்பது 2024 ஜூலையில் சந்தி சிரித்தது. ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரம் பணிபுரிவதாகக் கணக்குக் காட்டப்பட்டதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆதாரத்தோடு வெளியிட்டது. 224 கல்லூரிகளில் 353 பேர் என்று அவர்கள் பட்டியலிட்டார்கள். சுமார் 2,000 பணியிடங்களில் 189 பேர் மாறி மாறிக் காட்டப்பட்டிருந்தார்கள் என்று அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரே ஒப்புக்கொண்டார். ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் துறையில் முகம் காட்டும் ஆசிரியரை எனக்கும் தெரியும். மாணவர்கள் அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் 2024-25 கல்வியாண்டிலிருந்து, நன்றாக இயங்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை சீட்தான் என்ற உச்சவரம்பையும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸும் அதன் கிளைகளும் பெருகப் பெருக, அவற்றை நடத்தத் தகுதியுள்ள ஆசிரியர் அதே வேகத்தில் பெருகவில்லை. எனக்குப் பெரிய பயமே இதுதான்.

"எங்களுக்கு நாக் ஏ பிளஸ் இருக்கிறது" என்பார்கள். அந்த மதிப்பீடு நிறுவனத்துக்கு உரியது, உங்கள் பிள்ளை சேரும் கோர்ஸுக்கு இல்லை. கோர்ஸுக்கு உரியது என்பிஏ அங்கீகாரம். இரண்டு பேட்ச் படித்து வெளியே வந்த பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே புத்தம் புதிய பொறியியல் பிரிவுக்கு என்பிஏ இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது பொய். வேலை வாய்ப்பு 100 சதவீதம் என்றாலும் அப்படியே. ஒருவர்கூடப் படித்து முடிக்காத கோர்ஸில் யார் வேலைக்குப் போனது?

ஆன்லைன் பட்டம் என்றால் இன்னும் ஒரு மடங்கு கவனம். பொறியியல், மருத்துவம், சட்டம், நர்சிங் போன்றவற்றை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்த யூஜிசி விதி இடம் தரவில்லை. கம்பெனிகளோடு பிரான்சைஸ் முறையில் கோர்ஸ் நடத்துவதும் கூடாது என்று 2022-இல் அது எச்சரித்தது. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகமா, இடையில் இருக்கும் கம்பெனியா என்று பாருங்கள்.

திறப்பதைப் போலவே மூடுவதும் திடீரென்று நடக்கும். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் பெருமையோடு தொடங்கியது தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் படிப்பு. 2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அதை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. எதிர்க்க ஆள் இல்லாத கோர்ஸுகள் ஓசையில்லாமல் மூடப்படுகின்றன. சேர்ந்தவர்கள் படிப்பை முடிக்கலாம், உண்மைதான். ஆனால் ஜூனியரே இல்லாத துறையில் ஆய்வகக் கருவி பழுதானால் யார் காசு போடுவார்? நல்ல ஆசிரியர் எத்தனை நாள் இருப்பார்?

பாடத்திட்டக் குழுவிலும் கல்விப் பேரவையிலும் உட்கார்ந்திருக்கும் என் சக ஆசிரியர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். எல்லா செமஸ்டர் பாடமும் கையில் இல்லாமல் எந்தப் புதிய கோர்ஸுக்கும் தலையாட்டாதீர்கள். மேசைப் பொருளாக வந்தால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். ஒரு வருடம் தாமதமானால் நிர்வாகத்துக்கு நஷ்டம் பணத்தில்தான். இணைத்தன்மை அரசாணைக்கு முதல் பேட்ச் சேருவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். எதிர்க்கருத்தைப் பதிவு செய்யுங்கள். நான் செய்யத் தவறியது அது.

பெற்றோருக்கும் மாணவருக்கும் இது. பணம் கட்டும் முன் ஏஐசிடிஇ இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் இந்த ஆண்டு அனுமதிக் கடிதத்தைத் திறந்து பாருங்கள். அதில் கோர்ஸின் பெயரும் சீட் எண்ணிக்கையும் இருக்கும். கலை அறிவியல் படிப்பு என்றால் பல்கலைக்கழகத்தின் இணைப்பு ஆணையைக் கேளுங்கள். துறையில் இன்று பணியில் இருக்கும் ஆசிரியர்களின் பெயரைக் கேளுங்கள், நேரில் போய்ப் பாருங்கள். ஆய்வகத்தின் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே யூஜிசி சொல்லிவிட்டது. சரிபார்த்ததும் கையோடு வாங்கி வாருங்கள். "எல்லாம் வந்துடும் சார், இன்னைக்கு ஒரு நாள்தான் இந்தச் சலுகை" என்று யாராவது அவசரப்படுத்தினால், ஒரு ரூபாயும் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.