‘முடி’யை விட்டுட்டு ‘முடிவு’க்கு கலர்!

லீவுக்கு பெரிய காஞ்சிபுரத்துல இருக்கிற எங்க பெரியப்பா வீட்டுக்குப் போனா ரெண்டு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ஒண்ணு, ஏகாம்பரநாதர் கோயில் மணி. இன்னொண்ணு, தறி. இந்தத் தடவை மூணாவதா ஒரு சத்தம்... நானும் ஒன்பதாவது படிக்கிற தங்கச்சியும் லேப்டாப் முன்னாடி போட்ட சண்டை! சண்டைக்குக் காரணம் கலர். புடவைக் கலர் இல்லை ஃப்ரெண்ட்ஸ், புரோகிராம் கலர்!

தங்கச்சி தமிழ் மீடியம். “எனக்கும் புரோகிராம் எழுதக் கத்துக்கொடுண்ணா”ன்னு கேட்டா. இங்கிலீஷ் வார்த்தைகளைப் பார்த்து முதல் நாளே பயந்துடக் கூடாதேன்னு ‘எழில்’ல ஆரம்பிச்சேன். முத்து அண்ணாமலை 2007-ல உருவாக்க ஆரம்பிச்ச தமிழ் நிரல்மொழி இது. பைத்தான் மேல உட்கார்ந்து ஓடும், காசு கிடையாது. அவ எழுதின முதல் உருப்படியான புரோகிராம் இதுதான்:

புடவை = 12
@(புடவை > 10) ஆனால்
    முடிவு = "லாபம்"
இல்லை
    முடிவு = "இன்னும் நெய்யணும்"
முடி
பதிப்பி முடிவு

கவனிச்சீங்களா? இங்கிலீஷ் மொழிகள்ல ‘இஃப்’ முதல்ல வரும். இங்கே நாம பேசுற மாதிரியே நிபந்தனை முன்னாடி, ‘ஆனால்’ பின்னாடி. தங்கச்சிக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

பிடிக்காதது ஒண்ணே ஒண்ணுதான். எல்லாமே ஒரே கறுப்பு! ‘முடி’க்குப் பதிலா ‘மூடி’ன்னு அடிச்சுட்டு அரை மணி நேரம் தேடினா. கடைசியில லேப்டாப்பைத் தள்ளி வச்சுட்டு, “இதெல்லாம் எனக்கு வராதுண்ணா”ன்னு எழுந்து போயிட்டா. எனக்கு சுருக்குனு இருந்துச்சு. நான் ஃபர்ஸ்ட் இயர்ல தப்பு பண்ணினப்போ எடிட்டர் கலர் மாத்திக் காட்டிக் கொடுத்துச்சே... அந்த வசதி இவளுக்கு ஏன் இல்லை?

ரெடிமேடா எதையும் தேடாம நாமே ஒரு குட்டி எடிட்டர் செஞ்சுடலாம்னு பைத்தானைத் திறந்தேன்.

கலர் எங்கேருந்து வருது?

எடிட்டருக்கு புரோகிராமோட அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. வரியைத் துண்டு துண்டா வெட்டத் தெரிஞ்சா போதும். இது மேற்கோள் குறிக்குள்ள இருக்கா? பச்சை. எண்ணா? ஆரஞ்சு. மொழியோட சொந்த வார்த்தையா? நீலம். இந்த வெட்டுற வேலைக்குப் பேர் ‘லெக்ஸிங்’. இதுல வரிசை முக்கியம். மேற்கோளை முதல்ல பிடிச்சுடணும். இல்லேன்னா "முடி வெட்டணும்"னு எழுதினாக்கூட உள்ளே இருக்கிற ‘முடி’ நீலமாயிடும்.

இந்த ஐடியாவோட ஆரம்பக் கதையே சுவாரஸ்யமானது. 1985-ல ஐபிஎம்-ஐச் சேர்ந்த மைக் கவ்லிஷா ‘லெக்ஸ்’னு ஒரு எடிட்டர் எழுதினார். டைப் பண்ணப் பண்ணவே பிரிச்சுப் பார்த்து கலர் காட்டும். யாருக்காகத் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி வேலைக்காக!

சரி, நம்ம கதைக்கு வருவோம். ‘ஆனால், இல்லை, முடி, பதிப்பி, வரை, ஆக’ன்னு பட்டியல் போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் ‘வார்த்தை எல்லை’ங்கிற குறியைச் சேர்த்தேன். தேடல் விதிகள்ல எல்லாரும் போடுற குறிதான். தங்கச்சியைக் கூப்பிட்டு, கெத்தா ரன் பண்ணினேன்.

‘ஆனால்’ கறுப்பு. ‘இல்லை’ கறுப்பு. ‘பதிப்பி’ கறுப்பு. கலர் வந்தே ஆகணும்னு நான் நினைச்ச ‘முடி’யும் கறுப்பு. ஆனா ‘முடிவு’ல இருக்கிற ‘முடி’ மட்டும் பளிச்னு நீலம்!

“என்னண்ணா, தலைகீழா வேலை செய்யுது?”ன்னா. சண்டை ஆரம்பிச்சது இங்கேதான்.

குறி சொன்ன குற்றவாளி

ரெண்டு மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அடுத்து எழுதின ஒரு சுழற்சியில ‘ஆக’ மட்டும் சரியா நீலமா வந்துச்சு. அதுதான் க்ளூ! பட்டியல்லேயே கால், கொம்பு, புள்ளி எதுவும் இல்லாத வார்த்தை அது ஒண்ணுதான்.

தமிழ்ல 247 எழுத்துன்னு படிச்சிருக்கோம். யூனிகோடு அத்தனைக்கும் தனித்தனி இடம் தரலை. தமிழ் எழுத்துகளுக்கான பகுதியில இருக்கிறது மொத்தமே 128 இடம். ‘டி’ன்னா ‘ட’ ஒரு குறியீடு, மேல வர்ற விசிறி இன்னொரு குறியீடு. நமக்கு ‘பதிப்பி’ நாலு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஏழு. இதுவரைக்கும் தப்பில்லை. ஆனா பைத்தானோட தேடல் விதி ‘ட’வை எழுத்துன்னு ஒத்துக்கும், மேல இருக்கிற விசிறியை எழுத்துன்னு ஒத்துக்காது.

அதுக்கு ‘வார்த்தை எல்லை’ன்னா என்ன? ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எழுத்து அல்லாதது. ‘முடி’ விசிறியில முடியுது, அதுக்கப்புறம் வெற்றிடம். ரெண்டுமே எழுத்து இல்லை, அதனால எல்லையும் இல்லை, கலரும் இல்லை. ‘முடிவு’ல விசிறிக்கு அடுத்து ‘வ’. ஆஹா, எழுத்து வந்துடுச்சு, இதோ எல்லைன்னு குஷியா நீலம் அடிக்குது! இதே கணக்குல ‘வரை’ கறுப்பா நிற்கும், ‘வரைபடம்’ பாதி நீலமாகும்.

இதுல ஒரு வேடிக்கை. 2008-ல வந்த பைத்தான் 3.0-ல இருந்தே மாறிகளுக்குத் தமிழ்ப் பேர் வைக்கலாம். அதாவது அதே பைத்தானோட பார்ஸருக்கு ‘பதிப்பி’ முழுசா ஒரே பேர். தேடல் விதிக்கு மட்டும் அது மூணு துண்டு! ஜாவாஸ்கிரிப்ட்ல இன்னும் மோசம். அங்கே அந்த எல்லைக்குறிக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேற எதுவுமே எழுத்து கிடையாது.

ரெண்டு இழை தள்ளி...

பெரியப்பா தறியில இருந்தபடியே கேட்டுக்கிட்டு இருந்தார். கோர்வைப் புடவை நெய்யறவர். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேற நாடா. ரெண்டு நிறமும் சேர்ற இடத்துல இழையோட இழை கோத்துக்கணும்.

“கரை எங்கே முடியுது, உடல் எங்கே ஆரம்பிக்குதுன்னு தறியில உட்கார்றவனுக்குத் தெரியணும்டா. ரெண்டு இழை தள்ளிக் கோத்தா நூல் நல்ல நூல்தான், சாயம் நல்ல சாயம்தான். புடவைதான் போச்சு.”

அதேதான் பெரியப்பா! என் பட்டியலும் சரி, கலரும் சரி. எல்லைதான் தப்பு.

அந்த ரெடிமேட் குறியைத் தூக்கிப் போட்டேன். சொந்தமா ஒரு விதி எழுதினேன். வார்த்தைக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்த 128 தமிழ் இடங்கள்ல எதுவும் வரக் கூடாது, ஆங்கில எழுத்தோ எண்ணோ அடிக்கோடோ வரக் கூடாது. அவ்வளவுதான். ‘முடி’ நீலமாச்சு, ‘முடிவு’ கறுப்பாச்சு. மாத்தினது ஒரே ஒரு வரி!

கலர் மட்டும் போதுமா?

போதாது. ‘மூடி’ன்னு அடிச்சா கலர் வராது, உடனே தெரிஞ்சுடும். ஆனா ‘முடி’யையே எழுத மறந்துட்டா? இல்லாத வார்த்தைக்கு எப்படி கலர் அடிப்பீங்க? இங்கேதான் பார்ஸிங் வேணும். செகண்ட் இயர்ல படிச்ச ஸ்டாக் ஞாபகம் இருக்கா? ‘ஆனால்’, ‘ஆக’, ‘வரை’, ‘நிரல்பாகம்’ வந்தா உள்ளே தள்ளு. ‘முடி’ வந்தா ஒண்ணை வெளியே எடு. கடைசியில ஏதாவது மிச்சம் இருந்தா, அந்த வரியைச் சிவப்பாக்கு. செமஸ்டர்ல மார்க்குக்காகப் படிச்சது முதல் தடவையா ஒருத்தருக்கு உதவுச்சு!

பெரிய எடிட்டர்கள் இதையே இன்னும் அழகா செய்யுது. 2018-ல கிட்ஹப்-காரங்க வெளியிட்ட ‘ட்ரீ-சிட்டர்’ புரோகிராமையே ஒரு மரமா வச்சுக்கும். நீங்க ஒரு எழுத்தை மாத்தினா, மாறின கிளையை மட்டும் திரும்பப் பார்க்கும். பாதி எழுதி விட்ட வரியிலேயும் சமாளிக்கும்.

நீங்களும் ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன். உங்க எடிட்டர்லேயோ, நீங்க எழுதின தேடல்லேயோ ‘முடி’, ‘முடிவு’ ரெண்டையும் போட்டுப் பாருங்க. வெட்டுதுன்னா யாரோ சரி பண்ணுவாங்கன்னு விட்டுடாதீங்க. அதை எழுதினவங்களுக்கு நம்ம விசிறியும் கொம்பும் தெரிஞ்சிருக்காது. நமக்குத் தெரியும்ல?

தங்கச்சி இப்போ பெரியப்பாவோட கூலிக் கணக்கை எழில்ல எழுதிக்கிட்டு இருக்கா. நேத்து போன் பண்ணினா. “அண்ணா, ஒரு வரி சிவப்பா வந்துச்சு. முடி போடலைன்னு நானே கண்டுபிடிச்சுட்டேன்!”

வராதுன்னு சொன்ன பொண்ணு சார்!