கிட்டார் கழுத்துக்குள் எஃகுக் கம்பி எதற்கு?

சுருதி சேர்த்த மின்கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 45 கிலோ எடையளவுக்கு இழுக்கின்றன. மரம் மெல்ல முன்புறம் வளைகிறது. தந்திகள் உயர்ந்து, அழுத்தும் விரல் நோகிறது. இதற்கு ஈடுகொடுக்கவே கழுத்துக்குள் ‘ட்ரஸ் ராட்’ என்னும் எஃகுக் கம்பி இருக்கிறது. கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹ்யூ 1920-களில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

எப்படி வேலை செய்கிறது?

ஃபெண்டர் டெலிகாஸ்டரில் கம்பி வளைந்த பள்ளத்துக்குள் கிடக்கிறது. கம்பியின் முனையிலுள்ள நட்டை வலப்பக்கம் முறுக்கினால் கம்பி நிமிரப் பார்க்கும். அப்போது கழுத்தின் நடுப்பகுதி தந்திகளை நோக்கி எழும்பும். பழைய பாணி டெலிகாஸ்டரில் இந்த நட்டு கழுத்தின் அடிமுனையில் ஒளிந்திருக்கிறது. தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகுகளையும் கழற்றிக் கழுத்தை வெளியே எடுத்தால்தான் கைக்கு எட்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். நட்டு இறுகி நின்றால் பலம் காட்டக் கூடாது; கம்பி முறிந்துவிடும்.

எவ்வளவு போதும்?

கழுத்தை மாட்டிச் சுருதி சேர்த்தபின், ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் சுமார் 0.25 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். துளியும் வளைவில்லாவிட்டால், அதிரும் தந்தி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும்.