ஜவ்வு கிழிந்தால்: பந்தாடும் பெண்பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை பிரியாவை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். வயது 17. ராணி மேரிக் கல்லூரியில் உடற்கல்வி படித்தவர். முழங்கால் ஜவ்வு கிழிந்ததற்காக 2022 நவம்பர் 7 அன்று பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் நுண்துளை அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் போட்ட கட்டு இறுகி, காலுக்கு ரத்த ஓட்டம் நின்றது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றினார்கள். காலை எடுக்க வேண்டியதாயிற்று. சிறுநீரகம் உள்ளிட்ட உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்க, நவம்பர் 15 அன்று இறந்துபோனார். கவனக்குறைவு நடந்ததை அரசே ஒப்புக்கொண்டது. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிதியும், அண்ணனுக்கு அரசு வேலையும், வீடும் தரப்பட்டன.

இந்தச் செய்தி கேட்ட பெற்றோரில் சிலர் மகளின் பூட்ஸைப் பரணில் ஏற்றியிருப்பார்கள். வேறு சிலர், கால் வீங்கினாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமலிருப்பதே மேல் என்று முடிவெடுத்திருப்பார்கள். இரண்டுமே தவறு. ஜவ்வுக்கான இந்த அறுவை சிகிச்சை உலகெங்கும் அன்றாடம் நடப்பது. அதில் உயிர் போவது மிக மிக அபூர்வம். இந்தக் காயத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கேடு செய்வது வேறொன்று: நிதானமாக இருக்க வேண்டிய இடத்தில் நாம் அவசரப்படுகிறோம், அவசரப்பட வேண்டிய இடத்தில் நிதானமாக இருக்கிறோம்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது யாருடைய கதையோ அல்ல. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழகக் காவல் துறையில் உதவி ஆய்வாளராகவும் இருப்பவர். தேசிய சீனியர் பட்டத்தைத் தமிழகப் பெண்கள் 2018-லும் 2023-லும் வென்றார்கள். அப்படியொரு மண்ணில், குறிஞ்சிப்பாடியிலோ வடலூரிலோ நெய்வேலியிலோ ஒரு சிறுமி பந்தைத் துரத்துவது இனி அதிசயமில்லை. அவளுடைய முழங்காலைப் பற்றி அவளைச் சுற்றியுள்ள பெரியவர்களுக்கு என்ன தெரியும் என்பதுதான் கவலை.

முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் இரண்டு தசைநார்களில் முன்னாலிருப்பது முன் சிலுவைத் தசைநார். மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பார்கள், நம் ஊரில் ஜவ்வு என்பார்கள். தொடை எலும்புக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது இதன் வேலை. எதிராளி வந்து மோதித்தான் இது அறுந்துபோகும் என்று நினைப்போம். உண்மையில் பெரும்பாலான கிழிசல்களில் யாரும் தொடுவதே இல்லை. ஓடும்போது சட்டென்று திரும்புவது, வேகத்தைத் திடீரென அடக்குவது, தலையால் முட்டிவிட்டு ஒற்றைக்காலில் இறங்குவது, இவ்வளவுதான் நடந்திருக்கும். பாதம் தரையில் பதிந்திருக்க, முழங்கால் உள்பக்கமாக மடங்கும். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பல பிள்ளைகள் சொல்வார்கள்.

பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். இடுப்பின் அகலம், குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் சாய்வது, தொடையின் முன்தசைக்கு ஈடாகப் பின்தசை வலுப்பெறாமை என்று காரணங்கள் சொல்கிறார்கள். மாதவிடாய்ச் சுழற்சிக்குப் பங்குண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதை ஆராய லண்டன் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஃபிஃபா நிதி தந்திருக்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் உடம்பின் மேல் போடுவது எனக்கு உடன்பாடில்லை. பையன்கள் ஐந்து வயதிலிருந்து தெருவில் குதித்துப் பழகுகிறார்கள். பெண்ணை அந்த வயதில் வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு, ஆறாம் வகுப்பில் திடீரென்று அணியில் சேர்க்கிறோம். அக்காவின் பழைய பூட்ஸ், கோடையில் கல்லாய் இறுகிக் கிடக்கும் மைதானம், போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் பயிற்சி. முழங்கால் பாவம், என்ன செய்யும்?

இதைப் பெருமளவு தடுக்க முடியும் என்பதுதான் நல்ல செய்தி. சுவீடனில் 12 முதல் 17 வயதுள்ள 4,500-க்கும் மேற்பட்ட கால்பந்துச் சிறுமிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. வாரம் இருமுறை, பயிற்சிக்கு முன் 15 நிமிடம், ஒற்றைக்கால் குந்தல், இடுப்புத் தூக்கல், குதித்து இறங்கப் பழகுதல் போன்றவற்றைச் செய்த அணிகளில் ஏ.சி.எல். காயம் 64 விழுக்காடு குறைந்திருந்தது. எந்தக் கருவியும் வேண்டாம், பயிற்சியாளர் கற்றுக்கொண்டால் போதும். ஃபிஃபாவின் '11+' என்ற 20 நிமிடப் பயிற்சியும் இதே வகைதான், இலவசமாகவே கிடைக்கிறது. பி.டி. ஆசிரியர்கள் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு 'வார்ம்-அப் முடிந்தது' என்று சொல்லும் பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சரி, கிழிந்தே விட்டது. முதல் சில மணி நேரம் முக்கியம். அடிபட்ட ஓரிரண்டு மணி நேரத்திலேயே முழங்கால் பந்துபோல் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். வெறும் சுளுக்கு அப்படி வீங்காது. உடனே ஆட்டத்தை நிறுத்தி, ஐஸ் வைத்து, காலை உயர்த்தி, ஊன்றாமல் கொண்டுபோக வேண்டும். நாம் செய்வதோ நேர்மாறு. "சுளுக்குதான், எழுந்து நட" என்று நடக்க வைக்கிறோம். சாயங்காலம் நல்லெண்ணெய் தடவிச் சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப்போய் நீவிவிடுகிறோம். மறுநாள் கட்டு போடுகிறவரிடம் போகிறோம். இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றிவிடும், பிள்ளை நடப்பாள், ஓடக்கூடச் செய்வாள். 'சரியாகிவிட்டது' என்று மீண்டும் களத்தில் இறக்குகிறோம். திரும்பும்போது முழங்கால் நழுவும். ஒவ்வொரு நழுவலிலும் ஜவ்வோடு சேர்த்து, எலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பும் கிழியக்கூடும். இருபது வயதில் கிழிந்த குருத்தெலும்பு நாற்பதில் மூட்டுத் தேய்மானமாக வந்து நிற்கும்.

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. 'எக்ஸ்ரே நார்மல்' என்பது எலும்பு உடையவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. எலும்பு மூட்டு மருத்துவர் காலைக் கையால் இழுத்துப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார், உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார். குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் இருப்பவர்கள் உள்ளூர் அரசு மருத்துவமனையில் முதலுதவி பெற்று, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசிடம் உள்ள சிதம்பரம் மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ பரிந்துரை கேட்கலாம். அவசர ஊர்திக்கு 108. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். காயத்துக்கு முன்பே அட்டை கையில் இருப்பது நல்லது. மருத்துவர் சொல்லும் சிகிச்சை எந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வரும் என்பதை, படுக்கையில் சேருமுன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை அவசரம். இனி நிதானம்.

கிழிந்த எல்லா ஜவ்வுக்கும் கத்தி தேவையில்லை. 2010-இல் வெளியான இன்னொரு சுவீடன் ஆய்வில், முறையான இயன்முறைப் பயிற்சியை முதலில் செய்து பார்த்த இளைஞர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடுத்த இரண்டாண்டில் அறுவை சிகிச்சை இல்லாமலே சமாளித்தார்கள். திரும்பித் திரும்பி ஓட வேண்டிய கால்பந்தைத் தொடர விரும்பும் பெண்ணுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையையே பரிந்துரைப்பார்கள் என்பதும் உண்மை. அப்போதும் அது சில வாரம் பொறுத்துச் செய்வது. வீக்கம் வடிந்து கால் முழுக்க நீண்டு மடங்கத் தொடங்கிய பிறகு செய்தால் மூட்டு இறுகிப்போகும் ஆபத்து குறைவு. ஆகவே 'நாளைக்கே' என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க உங்களுக்கு நேரமும் உரிமையும் இருக்கிறது. வளர்ச்சி முடியாத பிள்ளை என்றால் எலும்பின் வளர்நுனி பாதிக்காத முறை எது என்று கட்டாயம் கேளுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவது சடங்கல்ல. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. என்ன செய்யப் போகிறார்கள், அதன் பலன், ஆபத்து, வேறு வழி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்லிய பிறகு பெறுவதே ஒப்புதல். பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதலை வைத்துக்கொண்டு, உயிருக்கு ஆபத்தில்லாதபோது, சிகிச்சையையும் சேர்த்துச் செய்துவிடக் கூடாது. 'உள்ளே விட்டுப் பார்க்கிறோம்' என்று நுண்துளைக் கருவிக்குக் கையெழுத்து வாங்கினால், பார்ப்பது மட்டுமா, ஜவ்வைப் புதிதாக வைப்பதும் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவளுக்குப் பெற்றோர்தான் கையெழுத்திடுவார்கள். ஆனால் கால் அவளுடையது. அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மறுபடியும் அவசரம் தேவைப்படுவது அறுவை சிகிச்சை முடிந்த முதல் இரண்டு நாளில். பிரியாவுக்கு நேர்ந்தது அங்கேதான். கட்டின் இறுக்கத்தாலோ உள்வீக்கத்தாலோ ரத்த ஓட்டம் தடைபட்டால் தசை சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். அடையாளங்களைப் பெற்றோர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஊசி போட்டும் மாத்திரை கொடுத்தும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி. கால் விரலை மெல்ல மேலே மடக்கினால் கெண்டைக்காலில் உயிர் போகும் வலி. விரல்கள் மரத்துப்போவது, சில்லிட்டுப்போவது, வெளுப்பது அல்லது நீலம் பாய்வது, அசைக்க முடியாமல் போவது. இதில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் பணியிலுள்ள மருத்துவரை அழைத்துக் கட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். "ஆபரேஷன்னா வலிக்கத்தான்மா செய்யும், விடியட்டும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். செவிலியரின் குறிப்பேட்டில் நேரத்தோடு பதியச் சொல்லுங்கள். ஆறு மணி நேரம் தாண்டினால் பல தருணங்களில் காலைக் காப்பாற்ற முடிவதில்லை. மரியாதையாகப் பேசலாம், ஆனால் பேசாமல் இருக்கக் கூடாது.

பிறகு வருவது நீண்ட காலம். புதிய ஜவ்வு உயிர்பிடித்து உறுதிப்பட மாதங்கள் ஆகும். ஒன்பது மாதம்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாக நார்வே ஆய்வொன்று 2016-இல் காட்டியது. 25 வயதுக்குள் விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அதே காலிலோ அடுத்த காலிலோ மீண்டும் ஜவ்வு கிழிகிறது. எனவே நாட்காட்டி மட்டும் போதாது. காயம்பட்ட கால் தொடையின் வலுவும் ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் நல்ல காலின் 90 விழுக்காட்டையாவது தொட வேண்டும். ஆறாம் மாதம் மண்டலப் போட்டி வருகிறது, அணிக்கு ஆளில்லை என்று கெஞ்சும் பயிற்சியாளரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். விளையாட்டு ஒதுக்கீடும் விடுதி இடமும் போய்விடுமோ என்று பயந்து வலியை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கும் மாநிலத்தில் அந்தப் பயம் இயல்பானது. காயத்தைச் சொன்னதற்காக எந்தப் பிள்ளையும் இடத்தை இழக்கமாட்டாள் என்று பள்ளியும் விடுதியும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

வீட்டிலும் மாற்றம் தேவை. சில மாதம் சப்பணமிட்டு உட்காருவதும் குந்தி உட்காரும் கழிப்பறையும் ஆகாது. மேற்கத்திய கழிப்பறை இல்லாவிட்டால் நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்று வாங்கினால் போதும். பயிற்சிக்காக வாரம் மூன்று முறை நகரப் பேருந்தில் போய்வர முடியாத குடும்பங்கள், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். உலக வீராங்கனைகளும் இப்படிப் பொறுத்திருந்துதான் திரும்பினார்கள். ஸ்பெயின் கால்பந்து வீராங்கனை அலெக்சியா புதெய்யாஸ் 2022 ஜூலையில் ஜவ்வு கிழிந்து, ஏறத்தாழப் பத்து மாதம் கழித்தே களத்துக்கு வந்தார். 2023-இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார்.

தவறு நடந்துவிட்டால்? முதலில் காகிதம். மருத்துவப் பதிவேடுகளை நோயாளியோ பொறுப்பாளரோ எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதி. அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுக்கும். மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். இழப்பீட்டுக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எல்லாருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை அதன் வரம்புக்குள் வராது என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் சிலரிடமாவது கட்டணம் வாங்கும் மருத்துவமனை வரும், காப்பீட்டு நிறுவனம் கட்டணம் செலுத்திய சிகிச்சையும் வரும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அதற்கு வெளியே இருப்பவர்களுக்கு உயர் நீதிமன்ற ரிட் மனுவும் மாநில மனித உரிமை ஆணையமும் உண்டு. மருத்துவர்மேல் குற்ற வழக்கு என்பது பெருங்கவனக்குறைவுக்கு மட்டுமே. அதற்கும் வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வரையறுத்திருக்கிறது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை இருக்கிறது. கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தருவதற்கான கெடு இரண்டு ஆண்டு. அதைத் தாண்டினால் தாமதத்துக்கான காரணத்தை நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.